பிரித்துப் பூட்டிய எம்.ஜி.பி இன்ஜின்: முதல் ஸ்டார்ட்டில் வரும் கோளாறுகள்

போரிங் போட்டு, கிராங்க் கிரைண்டிங் முடித்து, புது கேம் (வால்வுகளைத் திறக்கும் மேடுகள் உள்ள தண்டு), புது டேப்பட் (அந்த மேட்டின் மேல் உட்காரும் குப்பி) போட்டுப் பூட்டிய இன்ஜினுக்கு முதல் 20 நிமிட ஓட்டம்தான் கண்டம் என்பார்கள். உண்மைதான். ஆனால் நான் பார்த்த வரை, அந்த 20 நிமிடத்துக்கு முந்தைய அரை மணி நேரம் அதைவிட மோசம். வண்டி கிளம்பவில்லை; "இன்னொரு தடவை அடி, இன்னும் ஒரே ஒரு தடவை" என்று செல்ஃபில் சுற்றிக்கொண்டே இருப்போம். கேமின் மேடும் டேப்பட்டின் அடியும் ஒன்றையொன்று உரசும் இடத்தில் நாம் தடவி வைத்த கிரீஸ் ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் வழிந்துபோகும். செல்ஃப் வேகத்தில் அங்கே ஆயில் தெறிக்காது. கடைசியில் ஒருவழியாகக் கிளம்பும்போது கேம் காய்ந்து கிடக்கும்.

அதனால் இன்ஜின் என்ன அடையாளம் காட்டுகிறது என்று பார்த்து, சாவியை விட்டுவிட்டு ஸ்பானரை எடுக்க வேண்டிய கட்டம் எது என்று எழுதுகிறேன். நான் பேசும் வண்டி எம்.ஜி.பி. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் ஆபிங்டனில் செய்த இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார், உள்ளே 1798 சி.சி பி-சீரீஸ் இன்ஜின். நம்மூர் மெக்கானிக்குகளுக்கு இது அந்நிய வீட்டுப் பிள்ளை இல்லை. அம்பாசிடரில் பல்லாண்டு ஓடிய 1489 சி.சி பெட்ரோல் இன்ஜின் இதே குடும்பம். ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) இரண்டுக்கும் 88.9 மி.மீ, போர் (சிலிண்டரின் குறுக்களவு) மட்டும் 73-லிருந்து 80.26 மி.மீ ஆனது. ஃபயரிங் ஆர்டரும், அதாவது சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசையும், அதே 1-3-4-2. மதுரையில் ஓர் அம்பாசிடர் ஷெட்டில் மூன்று வருடம் பார்ட்ஸ் கழுவிய தைரியத்தில்தான், இங்கிலாந்துக்கு வந்த பிறகு 1966 மாடல் ஒன்றை வாங்கிப் பிரித்துப் போட்டேன்.

அந்த ஷெட் அண்ணன், கிளம்பாத வண்டியைப் பார்த்ததும் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "கடைசியா எதைக் கழட்டுன?" ஓடிக்கொண்டிருந்த வண்டி நின்றால் எது தேய்ந்தது என்று தேடலாம். புதிதாகப் பூட்டிய இன்ஜினில் எதுவும் தேயவில்லை. ஏதோ ஒன்றை நாம்தான் தப்பாக மாட்டியிருக்கிறோம், அல்லது மாட்ட மறந்திருக்கிறோம். விலை உயர்ந்த பாகத்தின் மேல் சந்தேகப்படுவதற்கு முன் நம் கை போன இடங்களை வரிசையாக நினைத்துப் பாருங்கள்.

பிளக் இல்லாமல் சுற்றியும் ஆயில் முள் எழவில்லை

முதல் வேலை ஆயில் பிரஷர். பிளக் நான்கையும் கழற்றி, காயிலுக்கு வரும் ஒயரைப் பிரித்து டேப் சுற்றிவிடுங்கள். 20டபிள்யூ-50 ஆயில், பழைய இன்ஜின்களுக்கென்று துத்தநாகச் சேர்மானத்தோடு வருவது, ஃபில்டரையும் சேர்த்து 4.25 லிட்டர் பிடிக்கும். ஆயில் கூலர் இருந்தால் இன்னும் 0.4 லிட்டர். 10 விநாடி செல்ஃப் அடித்து, அரை நிமிடம் விடுங்கள். ஐந்தாறு தடவைக்குள் முள் அசைய வேண்டும். 30, 40 பி.எஸ்.ஐ வரை ஏறிவிட்டால் அடுத்த வேலைக்குப் போகலாம். பிளக் இல்லாததால் பேரிங்கில் பாரம் இல்லை. ஆனால் கேமுக்கு அந்தச் சலுகை கிடையாது, வால்வு ஸ்பிரிங் அழுத்திக்கொண்டேதான் இருக்கும். எனவே முள் படுத்தே கிடந்தால் ஆறாவது தடவைக்கு மேல் அடிக்காதீர்கள்.

அமெரிக்க வி8 இன்ஜின்காரர்கள் டிஸ்ட்ரிபியூட்டரைத் தூக்கிவிட்டு அந்தத் துளையில் டிரில் மெஷினை விட்டு ஆயில் பம்பைச் சுற்றுவார்கள். அதைப் பார்த்துவிட்டு இதிலும் முயல்பவர்கள் உண்டு. இங்கே அது நடக்காது. பி-சீரீஸில் பம்பைச் சுற்றுவது கேம் ஷாஃப்ட். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் தண்டு வேறு, பம்புக்குப் போகும் தண்டு வேறு.

பம்பு காய்ந்திருப்பதுதான் முதல் சந்தேகம். பூட்டும்போதே பம்புக்குள் வாசலின் திணித்திருந்தால் இந்தப் பிரச்சினை வராது. காய்ந்த பம்புக்குச் சேம்பரிலிருந்து (இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) ஆயிலை உறிஞ்சி மேலே இழுக்கத் தெம்பு இருக்காது. திணிக்கவில்லை என்றால், பிளாக்கின் பின்பக்கத்திலிருந்து கூலருக்குப் போகும் ஹோஸைக் கூலர் முனையில் கழற்றி, தூக்கிப் பிடித்து, சின்னப் புனலால் ஆயில் ஊற்றுங்கள். அது பம்பு வரை இறங்கும். நான் அரை டம்ளர் ஊற்றுவதற்குள் டீ ஆறிவிட்டது, அவ்வளவு மெதுவாகத்தான் இறங்கியது. அதற்குப் பிறகு மூன்றாவது தடவையில் முள் துள்ளி எழுந்தது.

எழவில்லையா? கேஜையே நம்பாதீர்கள். பழைய மாடல்களில் ஆயில் கேஜுக்கு ஒயர் கிடையாது, ஒல்லிக் குழாய்தான். அது முழுக்கக் காற்று இருந்தால் முள் தாமதமாகத்தான் நகரும். குழாயின் இன்ஜின் பக்க நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, கீழே துணி பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். ஆயில் கசிந்தால் பிரஷர் இருக்கிறது, கேஜுக்குத்தான் போகவில்லை.

அங்கேயும் ஆயில் வரவில்லை என்றால் பிரஷர் ரிலீஃப் வால்வைப் பாருங்கள். பிளாக்கின் இடது பக்கம், பின்னால், குமிழ் மாதிரி ஒரு நட். அதற்குள் ஸ்பிரிங்கும் சின்னக் குப்பியும் இருக்கும். பெயின்ட் அடிக்கும்போது கழற்றி டப்பாவில் போட்டு வைத்து, நட்டை மட்டும் திரும்ப மாட்டியவர்களை எனக்குத் தெரியும். அப்படியானால் பம்பு ஏற்றும் ஆயில் எல்லாம் நேரே சேம்பருக்கே திரும்பிப் போய்விடும்.

அதையும் தாண்டினால் விஷயம் கொஞ்சம் பெரிது. பிளாக்கைக் கழுவுவதற்காக ஆயில் செல்லும் துளைகளின் அடைப்பான்களை மெஷின் ஷாப்பில் கழற்றியிருப்பார்கள். எல்லாம் திரும்ப வந்ததா? ஷெட்டில் இருந்தபோது ஒரு அம்பாசிடர் இன்ஜினில் ஒன்றை அடிக்காமலே விட்டிருந்தோம். பிரஷர் 5-க்கு மேல் போகவே இல்லை. மூன்று நாள் பம்பை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் இன்ஜினை இறக்கினோம்.

முள் ஏறிய பிறகும் ஒரு சோதனை பாக்கி. வால்வுகளை அழுத்தும் ராக்கர்களுக்கு மேல் இருக்கும் ராக்கர் கவரைத் திறந்து வைத்து ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். ராக்கர் ஷாஃப்ட்டைத் தாங்கும் கால்களில் ஒன்றின் வழியாகத்தான் ஆயில் மேலே ஏறுகிறது. கால்களை இடம் மாற்றி மாட்டியிருந்தால் கீழே 50 காட்டும், மேலே சொட்டு வராது. எட்டு ராக்கரிலும் ஆயில் பளபளக்கும் வரை பாருங்கள்.

செல்ஃப் முனகுகிறது, மெதுவாகச் சுற்றுகிறது

புது ரிங், புது பேரிங். இன்ஜின் இறுக்கமாகத்தான் இருக்கும். ஆனாலும் பிளக் இல்லாமல் சுற்றும்போது இழுக்க முடியாத அளவுக்கு இருக்காது. 1974 வரை எம்.ஜி.பி-யில் ஒரே 12 வோல்ட் பேட்டரி கிடையாது. சீட்டுக்குப் பின்னால், பலகைக்கு அடியில், இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் சீரீஸில் இருக்கும். இரண்டையும் இணைக்கும் கேபிளின் முனை பூத்திருந்தால் கரண்ட் பாதிதான் வரும். இது சுலபம், சுரண்டினால் போதும்.

அடுத்தது எனக்கே நடந்தது. ஜனவரி மாதம், கேரேஜுக்குள் 4 டிகிரி. மச்சான் டிரைவர் சீட்டில், நான் இன்ஜினுக்கு மேல் குனிந்தபடி. "அடி" என்றேன். செல்ஃப் 'ர்ர்ர்' என்று ஒரு முறை முனகி நின்றது. "இன்னொரு தடவை." இந்த முறை முனகல்கூட இல்லை. "மச்சான், டேஷ்போர்டுக்கு அடியில ஏதோ பொசுங்குது" என்று உள்ளேயிருந்து குரல். சோக் கேபிள். அதன் பிளாஸ்டிக் உறை சுருங்கி, குமிழ் குமிழாகப் பொங்கி, நெடி அடித்தது. தொட்டால் கை பொத்துவிடும் சூடு.

காரணம், இன்ஜினையும் சேஸிஸையும் இணைக்கும் எர்த் பட்டையை நான் மாட்டவே இல்லை. அது ஷெல்ஃபில், பளபளவென்று தேய்த்து வைத்தபடியே இருந்தது. இன்ஜின் உட்காருவது ரப்பர் மவுன்ட்டில். செல்ஃப் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் திரும்பி வர வேறு வழி இல்லாமல், கார்புரேட்டரிலிருந்து டேஷ்போர்டுக்குப் போகும் அந்த ஒல்லிக் கம்பியைப் பிடித்துக்கொண்டது. பட்டையை மாட்டினாலும் போதாது. புதுப் பெயின்ட் மேல் மாட்டினால் மாட்டாததற்குச் சமம். போல்ட் உட்காரும் இடத்தில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பு தெரிந்த பிறகு மாட்டுங்கள்.

நன்றாகச் சுற்றுகிறது, ஒரு வெடிகூட இல்லை

பெட்ரோலா கரண்டா என்ற சந்தேகத்தில் முதலில் கரண்டைப் பாருங்கள். பெட்ரோலை முதலில் பார்க்கிறேன் என்று சோக்கை இழுத்து இழுத்துச் சுற்றினால், சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைப் பெட்ரோல் கழுவிவிடும். புது ரிங்குக்கு அது ஆகாது.

காயிலிலிருந்து வரும் தடித்த ஒயரை டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலிருந்து பிடுங்கி, பிளாக்குக்கு 6 மி.மீ தூரத்தில் இன்சுலேட்டட் பிளையரால் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நீல நிறத்தில் 'சட் சட்' என்று தாவ வேண்டும். தாவவில்லை என்றால், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடிக் காயிலுக்கான கரண்டை வெட்டும் பாயிண்ட்தான் முதல் சந்தேகம். இடைவெளி 0.015 அங்குலம், அதாவது 0.38 மி.மீ. இடைவெளி சரியாக இருந்தும் கரண்ட் இல்லை என்றால், பாயிண்ட் ஸ்பிரிங் உட்காரும் அந்தக் குட்டித் தூணை உற்றுப் பாருங்கள். காயிலிலிருந்து வரும் ஒயரின் வளையமும் கண்டன்சர் ஒயரின் வளையமும் பிளாஸ்டிக் புஷ்ஷின் கழுத்தைச் சுற்றி உட்கார்ந்து, ஸ்பிரிங்கைத் தொட வேண்டும். தூணையோ மேல் நட்டையோ தொடக் கூடாது. ஒரு வளையம் புஷ்ஷுக்கு வெளியே நட்டுக்கு அடியில் போய்விட்டால் பாயிண்ட் திறந்தாலும் மூடினாலும் கரண்ட் எர்த்துக்கே போய்க்கொண்டிருக்கும். கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தெரியும். இதில் ஒரு மாலை நேரம் முழுக்கத் தொலைத்திருக்கிறேன்.

காயிலில் ஸ்பார்க் இருக்கிறது, பிளக்கில் இல்லை என்றால், மூடிக்கு அடியில் சுற்றி ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் ரோட்டார். தடித்த ஒயரை ரோட்டாரின் நடுப் பித்தளைக்கு 3 மி.மீ மேலே பிடித்து, பாயிண்ட்டைக் கையால் திறந்து பாருங்கள். அங்கே ஸ்பார்க் தாவக் கூடாது. தாவினால், ரோட்டாருக்குள் இருக்கும் ரிவெட் வழியாகக் கரண்ட் தண்டுக்கு இறங்குகிறது என்று அர்த்தம். புதிதாக வாங்கும் ரோட்டார்களில் இந்தக் கோளாறு அடிக்கடி உண்டு. கழற்றிய பழைய ரோட்டாரைத் தூக்கி எறியாதீர்கள் என்பது அதனால்தான். 40 வருடம் ஓடியதை நம்பலாம்.

1967 வரையிலான வண்டிகள் பாசிட்டிவ் எர்த். பேட்டரியைப் புதிதாக மாட்டும்போது வழக்கப்படி நெகட்டிவை பாடியில் கொடுத்துவிடாதீர்கள். காயில் அப்போதும் வேலை செய்யும், கொஞ்சம் சோர்வாக, டைனமோவும் ஆர்.பி.எம் கேஜும்தான் முதலில் அழும்.

வெடிக்கிறது, ஆனால் கார்புரேட்டர் வழியாகத் தும்முகிறது

இது சந்தோஷமான கோளாறு. கரண்டும் இருக்கிறது, பெட்ரோலும் இருக்கிறது, நேரம்தான் தப்பு. பழைய மாடல் செல்ஃபில் இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொள்ளும். அதன் பல்சக்கரம் வீச்சில் போய் மாட்டும் வகை. ஒற்றை வெடி வெடித்தாலே கழன்று 'விர்ர்' என்று தனியாகச் சுற்றும். செல்ஃப் கெட்டுவிட்டது என்று அதைக் கழற்றி உட்கார்ந்தவர்கள் உண்டு.

சந்தேகப்பட வேண்டியது டைமிங் 180 டிகிரி மாறியிருப்பதை. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. ஆகவே கிராங்கின் முன்முனையில் இருக்கும் புல்லியின் குறி டைமிங் முள்ளுக்கு நேராக இரண்டு தடவை வரும்: ஒரு தடவை முதல் சிலிண்டர் வெடிக்க வேண்டிய நேரத்தில், இன்னொரு தடவை அதே சிலிண்டர் புகையைத் தள்ளி முடிக்கும் நேரத்தில். இரண்டாவதை முதலாவது என்று நினைத்து டிஸ்ட்ரிபியூட்டர் தண்டை இறக்கினால், இன்லெட் வால்வு திறந்திருக்கும்போது ஸ்பார்க் அடிக்கும். தும்மல் அதுதான்.

கண்டுபிடிக்க ராக்கர் கவரைத் திறந்தால் போதும். குறி முள்ளுக்கு நேராக நிற்கும்போது 4-வது சிலிண்டரைப் பாருங்கள், ஃபயர்வால் பக்கம் இருப்பது. அதன் இரண்டு வால்வும் 'ஒன்று மூட, மற்றது திறக்க' என்ற ஊசலாட்டத்தில் இருந்தால் முதல் சிலிண்டர் வெடிக்கும் நேரம் அதுதான். முதல் சிலிண்டரின் ராக்கர் இரண்டும் அப்போது கையால் ஆட்டினால் லேசாக ஆட வேண்டும். ரோட்டார் இந்த நிலையில் மூடியில் எந்த ஒயரைப் பார்க்கிறதோ அதுதான் 1. அங்கிருந்து கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் 1-3-4-2. தண்டு மாறி உட்கார்ந்திருந்தால் கழற்ற வேண்டிய அவசியம்கூட இல்லை. நான்கு ஒயரையும் எதிர்ப் பக்கத்துக்கு மாற்றினால் வண்டி ஓடும். சுத்தம் பார்ப்பவர்கள் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்டைத் தூக்கிச் சரியாக வைத்துக்கொள்ளலாம்.

திசையில் ஏமாறுவதும் சகஜம். கடிகாரச் சுற்றில் ஒயர் மாட்டினால் 1-ம் 4-ம் சரியான இடத்திலேயே இருக்கும், 3-ம் 2-ம் மட்டும் இடம் மாறும். இன்ஜின் பாதி உயிரோடு குதிக்கும். சைலன்சரில் ஒரு வெடி, கார்புரேட்டரில் ஒரு தும்மல்.

ஒயர் எல்லாம் சரி, பிறகும் தும்முகிறது என்றால் ஸ்டாட்டிக் டைமிங்கை, அதாவது இன்ஜின் ஓடாதபோது பார்க்கும் டைமிங்கை, ஒரு பல்பால் பாருங்கள். பாயிண்ட் ஒயர் மாட்டும் டெர்மினலுக்கும் எர்த்துக்கும் நடுவே 12 வோல்ட் பல்ப். சாவியைப் போட்டு, இன்ஜினைக் கையால் ஓடும் திசையில் மெல்லச் சுற்றினால் பாயிண்ட் திறக்கும் நொடியில் பல்ப் எரியும். என்னுடைய 1966 மாடல் இன்ஜினுக்கு பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 10 டிகிரி முன்னால் அது எரிய வேண்டும். குறி இந்த மாடலில் புல்லிக்கு அடியில் இருக்கிறது, முதுகைத் தரையில் போட்டால்தான் தெரியும். இன்ஜினைப் பூட்டும்போதே புல்லிப் பள்ளத்தில் வெள்ளைப் பெயின்ட் தொட்டு வைத்தவர்கள் புண்ணியவான்கள்.

அதற்கும் அடங்காவிட்டால் டேப்பட் கிளியரன்ஸ். குளிர்ந்த நிலையில் 0.015 அங்குலம். ஹெட்டை இறுக்குவதற்கு முன் வைத்த கிளியரன்ஸை அப்படியே விட்டிருந்தால் ஏதாவது ஒரு வால்வு மூடாமலே நிற்கும். கடைசிச் சந்தேகம் டைமிங் செயின்: சக்கரங்களின் இரண்டு புள்ளியும் நேருக்கு நேர் பார்த்தபடி மாட்டினோமா? மாட்டும்போது போனில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் இங்கே ஒரு நாள் மிச்சம்.

பெட்ரோல் வழிகிறது, அல்லது வரவே இல்லை

எஸ்.யூ கம்பெனியின் பெட்ரோல் பம்பு வண்டியின் பின்னால் இருக்கிறது. சாவியைப் போட்டதும் 'டக் டக் டக்' என்று வேகமாக ஆரம்பித்து, கார்புரேட்டர் தொட்டி நிறைந்ததும் நின்றுவிட வேண்டும். சத்தமே இல்லை என்றால் அதன் பாயிண்ட் ஒட்டியிருக்கும்; ஸ்குரூடிரைவர் பிடியால் ஒரு தட்டு. நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கேயோ காற்றை இழுக்கிறது, டேங்க் காலி, அல்லது பெட்ரோல் எங்கேயோ கொட்டுகிறது.

கொட்டுவதைத்தான் பயப்பட வேண்டும். எம்.ஜி.பி-யில் இரண்டு கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கின்றன. புதிதாக மாட்டிய ஃப்ளோட் ஊசி ஒட்டிக்கொண்டு தொட்டி வழிந்தால், சொட்டுவது பழுக்கக் காயும் இரும்பின் பக்கத்தில். அதனால் ஸ்டார்ட் செய்வதற்கு முன் சாவியை மட்டும் போட்டு, இரண்டு நிமிடம், டார்ச் அடித்து ஒவ்வொரு இணைப்பாகத் தடவிப் பாருங்கள். தீயணைப்பான் கேரேஜ் மூலையில் இருந்தால் போதாது, உதவிக்கு நிற்பவர் கையில் இருக்க வேண்டும்.

கார்புரேட்டரின் ஆரம்ப நிலை: ஜெட்டை (பெட்ரோல் வரும் சின்னக் குழாய்) மேல் விளிம்போடு சமமாக ஏற்றி, பிறகு நட்டை இரண்டு முழுச் சுற்று கீழே இறக்குங்கள், இரண்டிலும் ஒன்றுபோல. கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை விரலால் தூக்கிவிட்டால் 'டப்' என்று விழ வேண்டும். மேல் குப்பியில் ஆயில் ஊற்ற மறக்காதீர்கள். இவ்வளவுபோதும் ஸ்டார்ட் ஆக. நயம் பார்ப்பது பிறகு.

கிளம்பிவிட்டது: எதற்கு நிறுத்துவது, எதற்கு நிறுத்தக் கூடாது

முதல் பார்வை ஆயில் முள் மேல். 5 விநாடிக்குள் 50-க்கு மேல் இல்லையென்றால் உடனே நிறுத்துங்கள். இருந்தால், ஐடிலிங்கில் விடாமல் நேரே 2000 ஆர்.பி.எம். புது கேமுக்கும் டேப்பட்டுக்கும் ஆயில் வருவது கிராங்க் சுற்றித் தெறிக்கும் தெறிப்பில்தான். ஐடிலிங்கில் அது போதாது. 1500-க்கும் 2500-க்கும் நடுவே ஏற்றி இறக்கியபடி 20 நிமிடம். "புது இன்ஜின், ரேஸ் கொடுக்காதே" என்று பக்கத்தில் யாராவது பதறுவார்கள். பதறட்டும்.

முதல் ஐந்து நிமிடம் புகை மண்டலமாகத்தான் இருக்கும். மேனிஃபோல்டில் பெயின்ட் கருகும், கைபட்ட ஆயில் தீயும், சைலன்சரில் நீராவியோடு வெள்ளைப் புகை வரும். இதற்கெல்லாம் நிறுத்த வேண்டாம். ராக்கர் கவர் ஓரத்தில் ஆயில் கசிகிறது, நிறுத்த வேண்டாம். டேப்பட் 'டிக் டிக்' என்று சீராக அடிப்பதும் பரவாயில்லை, 0.015 வைத்தால் இந்த இன்ஜின் தையல் மெஷின் மாதிரிதான் பேசும். அடியிலிருந்து 'டொக் டொக்' என்று கனமான சத்தம் வந்தால் அந்த நொடியே நிறுத்துங்கள். ஒரே ஒரு ராக்கரின் சத்தம் நிமிடத்துக்கு நிமிடம் கூடிக்கொண்டே போனாலும் நிறுத்துங்கள், அந்தக் கேம் மேடு கரைந்துகொண்டிருக்கலாம்.

மேனிஃபோல்ட் செக்கச் சிவந்து ஒளிர்ந்தால் டைமிங் பின்னால் கிடக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரைக் கையால் கடிகாரத் திசையில் துளி துளியாகத் திருப்புங்கள், ஆர்.பி.எம் ஏறி, சத்தம் மென்மையாகும் இடம் வரும். அங்கே விட்டுவிடுங்கள், டைமிங் லைட் அடித்துச் சரிபார்ப்பது பிறகு.

டெம்பரேச்சர் முள் ஏறுவது இன்னொரு பயம். இறுக்கமான இன்ஜின் கொஞ்சம் சூடாகத்தான் ஓடும். கிடுகிடுவென ஏறினால், ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொடுங்கள். தெர்மோஸ்டாட் 82 டிகிரியில் திறந்ததும் அது சுட வேண்டும். முள் சிவப்பில் நிற்க ஹோஸ் ஜில்லென்று இருந்தால் ஏர் லாக் அல்லது தெர்மோஸ்டாட். நிறுத்தி, ஆறவிட்டு, ஹீட்டர் ஹோஸைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றித் தண்ணீரை நிரப்புங்கள். ஆறும் முன் மூடியைத் திறக்காதீர்கள் என்று சொல்லத் தேவையில்லை என்றாலும் சொல்லிவைக்கிறேன். ஏர் லாக்கும் இல்லை, தெர்மோஸ்டாட்டும் நன்றாக இருக்கிறது என்றால் ஹெட் கேஸ்கட் திருப்பி உட்கார்ந்திருக்கலாம். மேல் பக்கம் எது, முன் பக்கம் எது என்று கேஸ்கட்டிலேயே எழுதியிருக்கும். அவசரத்தில் யார் படித்தார்கள்?

பின்பக்கம், கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் ஆயில் சொட்டினால் எந்த இன்ஜின் என்று பாருங்கள். 1964 வரை வந்த, கிராங்கை மூன்று பேரிங் தாங்கும் இன்ஜினில் அங்கே ரப்பர் சீலே கிடையாது. திருகு மாதிரி வெட்டிய பள்ளம் ஆயிலை உள்ளே தள்ளும், அவ்வளவுதான். அதில் ஓரிரு சொட்டு வம்சத்து வழக்கம். ஐந்து பேரிங் இன்ஜினில் சீல் உண்டு; அங்கே ஒழுகினால் சீலைத்தான் மாற்ற வேண்டும்.

சாவியை எடுத்த பிறகும் குலுங்கிக்கொண்டே ஓடுகிறது

ஐடிலிங் ஸ்குரூ அதிகம் ஏறியிருக்கிறது. 20 நிமிடம் முடிந்ததும் 800 பக்கம் இறக்கிவிட்டு அணையுங்கள். அடம்பிடித்தால் நான்காவது கியரில் பிரேக்கை மிதித்தபடி கிளட்சை மெல்ல விட்டால் அடங்கிவிடும்.

மறுநாள் காலை

முழுக்க ஆறிய பிறகு ஹெட் நட்டுகளை வரிசைப்படி 45 முதல் 50 அடி-பவுண்டு வரை மீண்டும் இறுக்கி, அதன் பிறகு டேப்பட்டை மறுபடி வையுங்கள். இறுக்கியதும் கிளியரன்ஸ் குறைந்திருக்கும். ஓடிய ஆயிலை வெளுத்த பழைய வேட்டித் துணி வழியாகத் தட்டில் இறக்குங்கள்; காந்தத்தை அதில் மெல்லத் துழாவுங்கள். சாம்பல் நிறத்தில் கூழ் மாதிரி கொஞ்சம் ஒட்டினால் அது ரிங் படிந்ததின் தூள். விரலில் குத்தும் ஊசி மாதிரி சில்லு ஒட்டினால் டேப்பட்டைக் கழற்றி அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டும்.

என் துணியில் ஒட்டியது நீல நிறத்தில் சுருண்ட ஒரு துண்டு சீலன்ட். சேம்பர் கேஸ்கட்டுக்கு நான் தாராளமாகப் பிதுக்கியதில் மிச்சம். அதற்காகச் சேம்பரை மறுபடி இறக்கினேன். உறிஞ்சும் வலையில் இன்னும் இரண்டு துண்டு ஒட்டிக்கொண்டிருந்தன.